ட்ரவுட் சீசன் முதல் நாள்: கூட்டத்தில் எங்கே தூண்டில் போடுவது?

ஏரிப்பித்தன்:
குளிர்ந்த நீரில் வாழும் ட்ரவுட் மீனைப் பிடிக்கும் சீசன் திறக்கும் அன்று விடியும் முன்பே கரை முழுக்க ஆள், தண்ணீரில் படகுக்குப் படகு இடிக்காத குறைதான். என்னிடம் சின்ன துடுப்புப் படகு இருக்கிறது. நடு ஏரிக்குப் போகலாமா, கரையோரமே போதுமா?

தக்கை:
நடு ஏரி வேண்டாம். சீசன் தொடக்கத்தில் தண்ணீர் குளிர்ந்திருக்கும், ட்ரவுட்டுக்குப் பிடித்தது சுமார் 10 முதல் 16 டிகிரி, அதனால் வெயில் பட்டுச் சீக்கிரம் சூடேறும் ஆழமில்லாத கரைப்பக்கம், ஓடை வந்து சேரும் இடம், இங்கெல்லாம்தான் சுற்றும். பண்ணையில் வளர்த்து விட்ட மீன் என்றால் விட்ட இடத்தை விட்டுச் சில நாள் நகராமலும் இருக்கும், எல்லாரும் அங்கேயே மொய்ப்பது அதனால்தான். மெல்லிய தூண்டில் நரம்பு, சின்ன முள், தக்கைக்குக் கீழே மண்புழு. தடித்த நரம்பைக் கண்டால் ட்ரவுட் ஒதுங்கிவிடும்.

நங்கூரம்:
படகை நிறுத்தியிருப்பவர்கள் நடுவே தூண்டிலை இழுத்துக்கொண்டு போகாதீர்கள், பத்து பேர் நரம்பும் சிக்கும், அப்புறம் திட்டு வேறு. லைஃப் ஜாக்கெட் கட்டாயம் போடுங்கள், அந்தக் குளிர்த் தண்ணீரில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் கை கால் விறைக்கும்.

மாலைநேரம்:
காலையில் ஏன் போகிறீர்கள்? மதியத்துக்குள் பாதிக் கூட்டம் கிளம்பிவிடும். சாயங்காலம் பூச்சி பறக்கத் தொடங்கினால் மீன் மேலே வரும்.

ஏரிப்பித்தன்:
சரி, சாயங்காலமே போகிறேன். ஓடை வாய்ப் பக்கம் பார்க்கிறேன்.