தாம்பரத்தில் இறங்கினால் ஏசி லோக்கலா, சாதா லோக்கலா?

கோட்டையூரான்:
காரைக்குடியில் விடியக்காலை பல்லவன் எக்ஸ்பிரஸைப் பிடித்து, தாம்பரத்தில் இறங்கி லோக்கல் ரயில் மாறுகிற நம்மூர்க்காரர்களைத்தான் கேட்கிறேன். 2025 ஏப்ரலில் சென்னை கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் ஏசி மின்சார ரயில் விட்டார்கள். சாதா வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், இதில் 35. ஏழு மடங்கு! யாருக்காக இது?

செக்காலை ஆச்சி:
எனக்காகத்தான் தம்பி. மகள் வீடு பரங்கிமலையில். ஒரு கையில் சீடை டின், இன்னொரு கையில் மாவடு ஜாடி. சாதா வண்டியில் படியில் தொங்குகிற பையன்களை விலக்கிக்கொண்டு இறங்குவதற்குள் வண்டி கிளம்பிவிடும். ஏசியில் கதவு தானே மூடுகிறது, யாரும் தொங்க முடியாது. ஆட்டோக்காரர் கேட்கிற காசுக்கு இது எவ்வளவோ தேவலை.

தேவகோட்டை ரஸ்தா:
ஆச்சி, உங்களுக்குச் சரி. நான் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவன். தண்டவாளம் அதேதானே? காலைக் கூட்ட நேரத்தில் ஏசி வண்டிக்கு ஒரு நேரம் ஒதுக்கினால், அந்த நேரத்தில் சாதா வண்டி ஓட முடியாது. அதில் வரவேண்டிய சீசன் டிக்கெட்காரன் அடுத்த வண்டியில்தான் தொங்குவான். தொங்கலை நீங்கள் ஒழிக்கவில்லை, பின்னால் வருகிற வண்டிக்குத் தள்ளிவிட்டீர்கள்.

புதுவயல் பஸ்காரன்:
ரயிலில் வருகிறவர்களுக்கு இந்தச் சண்டையாவது இருக்கிறது. எங்களைக் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுகிறார்கள். 2023 டிசம்பரில் அவ்வளவு பெரிய பேருந்து நிலையத்தைத் திறந்தபோது பக்கத்தில் ரயிலடி இல்லை. வண்டலூருக்கோ தாம்பரத்துக்கோ டவுன் பஸ் பிடித்துப் போய்த்தான் லோக்கல் ஏறினோம். ஏசியா சாதாவா என்பதெல்லாம் அப்புறம்.

கோட்டையூரான்:
அண்ணே, அது தனிப் பஞ்சாயத்து. ரஸ்தா சொல்வதற்கு வழி இருக்கிறது: ஒவ்வொரு சாதா வண்டியிலும் இரண்டு பெட்டியை ஏசியாக்கலாமே?

தேவகோட்டை ரஸ்தா:
கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஏசி வண்டியில் கதவெல்லாம் மூடினால்தான் வண்டி நகரும். நெரிசலில் அந்த இரண்டு பெட்டியில் ஒரு பை மாட்டினாலும் மொத்த வண்டியும் நிற்கும்.

செக்காலை ஆச்சி:
நிற்கட்டுமே. ஒருத்தன் விழுந்தாலும் வண்டி நிற்கத்தானே செய்கிறது? ஏசி வேண்டாம் என்றால் போகட்டும், 5 ரூபாய் வண்டிக்கும் கதவு போடச் சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
மே மாதத்தில் ஏசி இல்லாமல் கதவை மூடினால் உள்ளே வெந்துபோவோம், ஆச்சி.