பழைய மாருதி 800-க்கு ரேடியேட்டர்: எதை நம்பி வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. சென்னை தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வண்டி 2004 மாடல் மாருதி 800. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. வண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்கிவிடுகிறது. அதனால் ஃபேன் மேல்தான் முதல் சந்தேகம்.

ஆனால் ரேடியேட்டரும் சரியில்லை. பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோடு சேரும் மடிப்பில் கூலன்ட் கசிந்த பச்சைக் கறை காய்ந்து, பொருக்குத் தட்டிப்போயிருக்கிறது. எம்சீல் வைத்து ஒப்பேற்ற மனமில்லை.

மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) கழற்றியே போட்டுவிடலாம் என்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. காலையில் இன்ஜின் சூடாகவே நேரம் பிடிக்கும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். புதிது வாங்கினால் பெரிய செலவும் இல்லை.

ரேடியேட்டருக்கு மாருதி ஒரிஜினலே தேடவா, பான்கோ மாதிரி வெளி பிராண்டு போதுமா? பித்தளை டேங்க் வைத்த பழைய செம்பு ரேடியேட்டர் கிடைத்தால், கோர் (நடுவில் உள்ள குழாய்-தகட்டுப் பகுதி) மாற்றிப் போடலாம் என்கிறார் ஒருவர். நம் பக்கம் அந்த வேலையை ஒழுங்காகச் செய்பவர் இன்னும் இருக்கிறாரா? ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் ஒரிஜினல் டப்பாவில் போலி வராமல் எப்படிப் பார்த்து வாங்குகிறீர்கள்? ஃபேன் மோட்டாரைப் புதுப்பேட்டையில் பழையதாக எடுக்கலாமா? எனக்குத் தயக்கம்தான், ஓட்டிக் காட்டினாலும் எத்தனை நாள் தாங்கும் என்று யார் சொல்வது?

அப்புறம், எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. அதனால் இனி தண்ணீர் கலக்கத் தேவையில்லாத ரெடிமிக்ஸ் கூலன்ட் மட்டும்தான். மூடி, ஹோஸ், கிளிப் எல்லாம் புதிது. வாட்டர் பம்பில் இப்போதைக்குக் கசிவு இல்லை. அதையும் கையோடு மாற்றிவிடலாமா, விட்டுவிடலாமா?