ஈமேக்ஸ் அமைப்புகள் எல்லாம் காணோம், அவசர உதவி தேவை

நிரல்வாசி
வணக்கம். நேற்று வரை எல்லாம் நன்றாக இருந்தது. இன்று ஈமேக்ஸ் எடிட்டரைத் திறந்தால் கருப்புத் தீம் இல்லை, நான் வைத்த கீ பைண்டிங் (குறுக்குவிசை) ஒன்றும் வேலை செய்யவில்லை. பைதான் ஃபைலைத் திறந்தால் எக்லாட், அதாவது நிரலில் பிழைகளைக் காட்டும் லாங்குவேஜ் சர்வரோடு ஈமேக்ஸை இணைக்கும் பகுதி, தானாகத் தொடங்குவதும் நின்றுவிட்டது. நான் எதையும் மாற்றவில்லை. மூன்று மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த கான்ஃபிக். நாளை ரிலீஸ். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கீற்று
எந்த வெர்ஷன்? லினக்ஸா, மேக்கா, விண்டோஸா? அப்டேட் ஏதாவது போட்டீர்களா? இது தெரியாமல் என்ன சொல்வது?

வேகவிரும்பி
இது, பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் கார்பேஜ் கலெக்‌ஷன் பிரச்சினையாக இருக்கும். ஈமேக்ஸில் அதன் எல்லை இயல்பாக 8,00,000 பைட்தான். லாங்குவேஜ் சர்வர் அனுப்பும் தகவலுக்கு அது போதவே போதாது, அடிக்கடி நின்று நின்று குப்பை அள்ளும். எல்லையை 100 எம்பிக்கு ஏற்றுங்கள். எனக்கு எக்லாட் தொல்லை அதோடு தீர்ந்தது.

கீற்று
வேகவிரும்பி, அவர் மெதுவாக இருக்கிறது என்று சொல்லவில்லையே. தீமே வரவில்லை என்கிறார்.

மூலநிரல்
இருபது வருடமாக ஈமேக்ஸ் பயன்படுத்துகிறேன், அதனால் சொல்கிறேன். கேள்வி கேட்பதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை ஈமேக்ஸை மைனஸ் பெரிய க்யூ கொடுத்துத் திறந்து பார்ப்பது. அதில் உங்கள் கான்ஃபிக் எதுவுமே ஏறாது. இப்போது உங்களுக்குத் தெரிவதும் அதுவும் ஒன்றுபோல இருந்தால் உங்கள் இனிட் ஃபைல், அதாவது தொடங்கும்போது ஈமேக்ஸ் படிக்கும் கான்ஃபிக் ஃபைல், படிக்கப்படவில்லை என்று பொருள். கையேட்டில் இதற்குத் தனிப் பகுதியே இருக்கிறது. அதைக்கூடப் படிக்காமல் மூன்று மாதம் கான்ஃபிக் எழுதியிருக்கிறீர்கள்.

நிரல்வாசி
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். லினக்ஸ், ஈமேக்ஸ் 29.4. அப்டேட் எதுவும் போடவில்லை. க்யூ போட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம்: க்யூ போட்டால் மேலே டூல்பார் தெரிகிறது. சாதாரணமாகத் திறந்தால் டூல்பார் இல்லை. அதை மறைத்தது நான்தான். அப்படியென்றால் என் ஃபோல்டரைப் படிக்கத்தானே செய்கிறது? நான் நிறுவிய மேஜிட்டும் (கிட்டுக்கான பேக்கேஜ்) வேலை செய்கிறது.

அடைப்புக்குறி
எங்கோ ஒரு அடைப்புக்குறி மூடாமல் இருக்கிறது. அது இருக்கும் இடத்திலேயே ஈமேக்ஸ் நின்றுவிடும், அதற்குக் கீழே உள்ளது எதுவும் ஏறாது. டீபக்-இனிட் கொடுத்துத் திறங்கள், இனிட் ஃபைலில் உள்ள எரரைக் காட்டும். கடைசியாக என்ன சேர்த்தீர்கள்?

நிரல்வாசி
கொடுத்தேன். எரர் எதுவும் வரவில்லை. ஈமேக்ஸின் செய்திகள் சேரும் மெசேஜஸ் பஃபரும் சுத்தமாக இருக்கிறது. நேற்று ஒரே ஒரு வரி சேர்த்தேன், டாபுக்குப் பதில் ஸ்பேஸ் வர வேண்டும் என்று. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அந்த வரி நன்றாகவே வேலை செய்கிறது.

கீற்று
"எதையும் மாற்றவில்லை" என்றீர்களே!

அடைப்புக்குறி
குறி மூடாமல் இருந்தால் பார்ஸ் செய்யும்போது ஃபைல் முடிந்துவிட்டது என்று எரர் காட்டாமல் இருக்காது. சரி, அப்படியானால் நான் சொன்னது இல்லை. இனிட் ஃபைலை பைட்-கம்பைல் செய்து, அதாவது வேகமாக ஏறும் வடிவத்துக்கு மாற்றி, வைத்திருக்கிறீர்களா? இனிட் டாட் ஈஎல்சி என்று பழைய ஃபைல் பக்கத்தில் கிடந்தால் ஈமேக்ஸ் அதைத்தான் எடுக்கும்.

ஆயத்தம்
இந்தத் தலைவலியெல்லாம் எதற்கு? டூம் என்ற தயார் கான்ஃபிக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். தீம், எக்லாட், கீ பைண்டிங் எல்லாம் தயாராக வரும். நாளை ரிலீஸை வைத்துக்கொண்டு இன்று கான்ஃபிக்குக்காக லிஸ்ப் மொழியில் எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா?

மூலநிரல்
தயார் கான்ஃபிக் போட்டவர்களுக்கு ஏதாவது உடைந்தால் எங்கே தேடுவது என்றே தெரியாது. ஆயிரக்கணக்கான வரிகள், அதில் ஒன்றுகூட அவர்கள் எழுதியதில்லை. இருபது வரியானாலும் சொந்தமாக எழுதியதுதான் எடிட்டர்.

ஆயத்தம்
நான் வேலைக்கு எழுதும் நிரல் சொந்தமாக எழுதியது, அது போதும். எடிட்டரை நாலு வருடமாக டூமில்தான் ஓட்டுகிறேன். அப்டேட் சமயத்தில் இரண்டு முறை உடைந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு முறையும் அரைமணி நேரத்தில் சரியாகிவிட்டது. சொந்தமாக எழுதிய காலத்தில் எனக்கு வாரத்துக்கு ஒரு மாலை இதிலேயே போகும்.

வேகவிரும்பி
டூமும் கார்பேஜ் கலெக்‌ஷன் எல்லையைத் தொடக்கத்தில் ஏற்றித்தான் வைக்கிறது. நான் சொன்னதில் தப்பு இல்லை.

மூலநிரல்
மாலையைச் செலவழித்ததால்தான் கற்றுக்கொண்டிருப்பீர்கள். 29 வெர்ஷனிலேயே எக்லாட், பேக்கேஜ்களை அமைக்கும் யூஸ்-பேக்கேஜ், நிரலின் அமைப்பைப் பிரித்தறியும் ட்ரீ-சிட்டர் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. இனி தயார் கான்ஃபிக் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

ஆயத்தம்
உள்ளே இருப்பது வேறு, ஒன்றோடொன்று பொருந்துவது வேறு. ட்ரீ-சிட்டர் உள்ளே இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு மொழிக்கும் கிராமரை நாமேதான் நிறுவ வேண்டும். புதிதாக வருபவர் அதிலேயே ஒரு நாள் மாட்டிக்கொள்வார்.

இடைவெளி
விவாதத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள். நிரல்வாசி சொன்னதைத் திரும்பப் படித்தேன். புதிய வரி வேலை செய்கிறது, பழையது மொத்தமும் போய்விட்டது, எரரும் இல்லை. ஒரே ஃபைலாக இருந்தால் இப்படி ஆக வழியில்லை. அந்த வரியை எந்த ஃபைலில் எழுதினீர்கள்?

என் ஊகம் இது. பழைய குறிப்பு ஏதோ ஒன்றில் "டாட் ஈமேக்ஸ் ஃபைலில் இதைச் சேர்க்கவும்" என்று பார்த்திருப்பீர்கள். ஹோம் டைரக்டரியில் அப்படி ஒரு ஃபைல் இல்லை, அதனால் புதிதாக உருவாக்கி இருப்பீர்கள். அந்த ஃபைல் இருந்தால் ஈமேக்ஸ் அதையே இனிட் ஃபைலாக எடுத்துக்கொள்ளும். டாட் ஈமேக்ஸ் டாட் டி ஃபோல்டருக்குள் இருக்கும் இனிட் டாட் ஈஎல்லைத் திறந்துகூடப் பார்க்காது. இதைத் தவறாகக் கருதுவதில்லை என்பதால் எரரும் காட்டாது.

டூல்பார்தான் எல்லோரையும் குழப்பியது. அதை மறைக்கும் வரியை நீங்கள் எர்லி-இனிட் ஃபைலில் வைத்திருப்பீர்கள். 27ஆம் வெர்ஷனில் வந்த ஃபைல் அது, டாட் ஈமேக்ஸ் இருந்தாலும் ஃபோல்டரிலிருந்து தனியாக ஏறும். மேஜிட்டும் அப்படித்தான். நிறுவிய பேக்கேஜ்களை இனிட் ஃபைலுக்கு முன்பே ஈமேக்ஸ் தயார் செய்துவிடுகிறது. அதனால்தான் பாதி இருப்பதுபோல் தெரிகிறது.

உறுதிப்படுத்த கண்ட்ரோல்-ஹெச், பிறகு வி அடித்து யூசர்-இனிட்-ஃபைல் என்று கேளுங்கள். எந்தப் பாதை வருகிறது என்று இங்கே போடுங்கள். டாட் ஈமேக்ஸ் என்று வந்தால் அந்த ஒரு வரியை இனிட் டாட் ஈஎல்லுக்கு மாற்றிவிட்டு, அந்த ஃபைலின் பெயரை மாற்றி வையுங்கள். அழிக்க வேண்டாம், முதலில் சரியாகிறதா என்று பாருங்கள்.

கீற்று
டூல்பாரை வைத்து நானும் ஃபோல்டர் முழுசாக ஏறுகிறது என்றே நினைத்தேன்.

மூலநிரல்
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன், இனிட் ஃபைல் படிக்கப்படவில்லை என்று.

இடைவெளி
சொன்னீர்கள், சரியாகவும் சொன்னீர்கள். ஏன் படிக்கப்படவில்லை என்பது மட்டும்தான் மிச்சம் இருந்தது. ஆயத்தம், ஒரு தகவல் உங்களுக்கும்: ஹோமில் டாட் ஈமேக்ஸ் கிடந்தால் டூமும் இதேபோல் ஏறாது. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் ஒரே வைத்தியம்தான்.

ஆயத்தம்
அது உண்மை. டூம் போட்ட முதல் நாள் எனக்கே நடந்தது, பழைய ஃபைலை எடுக்க மறந்திருந்தேன்.

அடைப்புக்குறி
நிரல்வாசி, என்ன ஆச்சு?

கீற்று
ஆளையே காணோம். ரிலீஸ் வேலையில் இருப்பார்.

நிரல்வாசி
டாட் ஈமேக்ஸ்தான். வரியை மாற்றினேன், எல்லாம் வந்துவிட்டது. இடைவெளி, ரொம்ப நன்றி.

புதுவரவு
எனக்கும் இதே பிரச்சினை. எக்லாட் தொடங்கவில்லை, சர்வர் கிடைக்கவில்லை என்கிறது. டாட் ஈமேக்ஸ் ஃபைல் என்னிடம் இல்லை. டெர்மினலில் இருந்து ஈமேக்ஸைத் திறந்தால் மட்டும் சரியாக வருகிறது.

இடைவெளி
இது வேறு. மேக் தானே? ஐகானை அழுத்தித் திறக்கும்போது ஷெல்லில் நீங்கள் வைத்த பாத், அதாவது புரோகிராம்களைத் தேடும் இடங்களின் பட்டியல், ஈமேக்ஸுக்கு வருவதில்லை. எக்ஸெக்-பாத்-ஃப்ரம்-ஷெல் பேக்கேஜைப் போட்டுப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் வெர்ஷன், எந்த சர்வர், கடைசியாக எந்த ஃபைலில் என்ன எழுதினீர்கள் என்பதோடு தனி இழை தொடங்குங்கள்.