லெஸ்லி ஒலிபெருக்கிக்கு மைக் வைப்பதில் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். ஹேமண்ட் ஆர்கன் என்ற மின்சார விசைப்பலகைக் கருவியை, ஒலியைச் சுழற்றித் தரும் லெஸ்லி 122 ஒலிபெருக்கி வழியாகப் பதிவு செய்துவருகிறேன். 800 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைத் தரும் சுழலும் மேல் ஹார்னின் (கூம்புக் குழல்) இருபுறமும் நேரெதிராக இரண்டு டைனமிக் மைக்குகளும், கீழே தாழ்ந்த ஒலியைச் சுழற்றிவிடும் உருளையான பாஸ் டிரம்முக்கு ஒரு மைக்கும் வைத்திருக்கிறேன். மெதுவான சுழற்சியில் ஒலி மிக அழகாக விரிகிறது. வேகத்தைக் கூட்டியதும் அது இடமும் வலமுமாகத் தாவி, பாடுபவரின் குரலையே மறைத்துவிடுகிறது. மைக்குகளை அருகே கொண்டுசென்றால், ஹார்ன் கிளப்பும் காற்று ஒவ்வொரு சுற்றிலும் 'புஸ்' என்று பதிவாகிறது. தள்ளிவைத்தாலோ அறையின் எதிரொலி கூடி, ஆர்கனின் கூர்மை மங்குகிறது. மிக்ஸிங்கில் சரிசெய்வதைவிட மைக்குகளின் இடத்தை மாற்றுவதே முறை என்று கருதுகிறேன். ஹார்ன் மைக்குகள் இரண்டுக்கும் இடையே 180 பாகைக்குப் பதிலாக 90 பாகைக் கோணம் வைத்துப் பதிவு செய்தவர்கள், எவ்வளவு தூரத்தில் வைத்தீர்கள், மோனோவில் (இடம், வலம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து) கேட்டபோது ஒலி மெலிந்ததா என்பதைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.