முதலில் ஷெட்டா, தண்டவாளமா? வேலூரில் மீட்டர் கேஜ்

கன்டோன்மென்ட்வாசி:
காட்பாடி–விழுப்புரம் பாதை அகலப்பாதை ஆன பிறகு, நம்ம பக்கத்தில் மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர்) வண்டி ஓடிப் பார்க்க வழியில்லை. தன்னார்வலர்கள் சேர்ந்து 300 மீட்டர் பாதை போட்டு, ஒரு ஒய்.ஜி. (மீட்டர் கேஜ் சரக்கு வகை) நீராவி எஞ்சினையும் இரண்டு பெட்டிகளையும் ஓட்டலாம். 12 மீட்டர் தண்டவாளம் 50, ஒவ்வொரு 12 மீட்டருக்கும் 16 வீதம் ஸ்லீப்பர் (தண்டவாளத்தின் அடியில் குறுக்கே போடுவது) 400, ஜல்லி சுமார் 250 கன மீட்டர். ஷெட்டைப் பிறகு கட்டிக்கொள்ளலாம். பாதை கண்ணில் பட்டால்தான் ஆளும் பணமும் சேரும்.

ஆப்புச்சுத்தி:
கணக்கு சரி, வரிசை தப்பு. எஞ்சின் வந்து இறங்கும்போது ஷெட் இல்லையென்றால் ஐப்பசி மழை அதன் தலையில்தான். புகைப்பெட்டியில் தங்கிய சாம்பலில் ஈரம் பட்டால் அடித்தகட்டை அரித்துவிடும். முதலில் 40 மீட்டர் போதும். அதில் 15 மீட்டர் கூரைக்குள் பிட், அதாவது எஞ்சினுக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் குழி. ஆழம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூட, சுவர் கம்பி கட்டிய கான்கிரீட். அச்சுக்குப் பத்து டன்னுக்கு மேல் பாரம் வரும், வெறும் செங்கல் தாங்காது. பிட் தரையை ஒரு முனைக்குச் சரித்து அங்கே தொட்டியும் பம்பும் வையுங்கள். சக்கரம் கழற்ற எஞ்சினைத் தூக்கும் நான்கு ஜாக்குகளுக்கும் தனித்தனி கான்கிரீட் மேடை வேண்டும். மண்மேல் பலகை போட்டுத் தூக்கினால் ஒரு மூலை இறங்கும், எஞ்சின் சாயும்.

கன்டோன்மென்ட்வாசி:
ஒய்.ஜி.யின் ஓட்டுச் சக்கரம் 4 அடி விட்டம், ஒரு சுற்றுக்கு 3.8 மீட்டர். 40 மீட்டரில் பத்துச் சுற்று; எஞ்சின் நிற்கும் இடத்தைக் கழித்தால் அதுவும் இல்லை. பேரிங்கைப் புதிதாகச் சீவி உட்காரவைத்த பிறகு அது சூடாகிறதா என்று பத்துச் சுற்றில் எப்படிப் பார்ப்பீர்கள் சார்? ஓட்டிப் பார்க்க முடியாத பழுதுக்கு ஷெட் எதற்கு?

செம்மண்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஸ்லீப்பர் எது என்று யாருமே சொல்லவில்லை. மரக்கட்டை வேண்டாம். செம்மண்ணில் கறையான் விடாது. நல்ல கட்டை 400 வாங்குவது பெரும் செலவு. பழைய இரும்பு ட்ரஃப் (கவிழ்த்த தொட்டி வடிவ) ஸ்லீப்பர் ஏலத்தில் கிடைத்தால் அதுவே மேல்.

ஜல்லிக்கூடை:
இரும்பு ட்ரஃபில் தண்டவாளத்தைப் பிடிக்கும் ஆப்பு தளர்ந்தால் கேஜ் விரியும். தினம் சுத்தியோடு நடக்க ஆள் இருக்கிறதா? வார விடுமுறைக்கு வரும் கூட்டத்துக்கு மரமே ஏற்றது. ஆனால் ஆகரால் துளை போடாமல் டாக் ஸ்பைக் (தண்டவாளத்தைக் கட்டையோடு பிடிக்கும் ஆணி) அடிக்காதீர்கள், கட்டை பிளக்கும். உள் ஸ்பைக்கும் வெளி ஸ்பைக்கும் நேருக்கு நேர் வந்தாலும் பிளக்கும். ஒன்றை முன்தள்ளி, ஒன்றைப் பின்தள்ளி அடிக்கணும். பாதை பிரியும் பாயிண்ட் போடும் இடத்தில் கட்டையின் நீளம் படிப்படியாகக் கூடும், அங்கே மரத்துக்கு மாற்றே தேடாதீர்கள்.

செம்மண்:
பாயிண்டுக்கு மரம், ஒப்புக்கொள்கிறேன். நேர்பாதைக்கு இல்லை. இன்னொன்று, ஜாயின்ட் இடைவெளி. 12 மீட்டர் தண்டவாளம் ஒரு டிகிரிக்கு 0.14 மி.மீ. நீளும். தண்டவாளச் சூடு 30 டிகிரியில் இருக்கும்போது போட்டால், கத்திரி வெயிலில் அது 65ஐத் தொடும்போது 5 மி.மீ. தேவை. அந்தக் கனத்தில் தகடு வைத்துப் போல்ட் முறுக்குங்கள், பிறகு தகட்டை உருவுங்கள். இரு தண்டவாளங்களை இணைக்கும் ஃபிஷ் பிளேட்டை ஆண்டுக்கொருமுறை பனிக்காலத்தில் கழற்றி கிராஃபைட் தடவாவிட்டால் ஜாயின்ட் இறுகிப்போய், விட்ட இடைவெளி வேலை செய்யாது. பாதை பாம்பாய் நெளியும்.

ஆப்புச்சுத்தி:
பேரிங் விஷயத்தில் கன்டோன்மென்ட்வாசி சொல்வது நியாயம். ஆனால் தண்ணீரை மறக்கிறீர்கள். தோல் ஆலைகள் இருக்கும் பாலாற்றுப் பக்கம் போர் தண்ணீரை அப்படியே பாய்லரில் ஊற்றினால் உப்பு படியும், நுரைத்து சிலிண்டருக்குள் தண்ணீர் ஏறும். மழைநீர்தான் நல்லது. 20 மீட்டருக்கு 8 மீட்டர் ஷெட் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் 8,000 லிட்டர். கூரையில்லாமல் அது எங்கே பிடிப்பீர்கள்?

கன்டோன்மென்ட்வாசி:
கூரை முதலில், சரி. ஆனால் பிட்டுக்குக் கான்கிரீட் ஊற்றும் முன் 300 மீட்டருக்கும் லெவல் எடுத்து முளை அடித்தாக வேண்டும். சரிவு நானூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது, அதாவது மொத்த நீளத்துக்கு 75 செ.மீ. ஷெட்டுக்குள் துளிச் சரிவும் கூடாது. பிட் மட்டம் தப்பினால் வெளியே இருக்கும் மண் முழுவதையும் மறுபடி வெட்டணும். முதல் கட்டத்தில் 100 மீட்டருக்குக் குறைத்தால் நான் ஒப்ப மாட்டேன்.

ஆப்புச்சுத்தி:
பிட்டையும் சேர்த்து 100 என்றால் சரி.