நடுவில் ஃபுல் பேக்கப் எடுத்தால் லாக் சங்கிலி அறுமா?

சேர்வராயன்: நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: "நடுவில் ஃபுல் பேக்கப் எடுத்தால் லாக் சங்கிலி அறுந்துவிடும், அப்புறம் வரும் லாக் ஏறாது." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில், முழுத் தரவையும் நகலெடுக்கும் ஃபுல் பேக்கப், அடுத்தடுத்த மாற்றங்களை வரிசையாகச் சேமிக்கும் லாக் பேக்கப்புகளின் சங்கிலியை அறுக்காது. டிஃபரன்ஷியலுக்கான, அதாவது கடைசி ஃபுல்லுக்குப் பின் மாறியதை மட்டும் எடுக்கும் பேக்கப்புக்கான, அடிப்படையைத்தான் மாற்றும். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட். ஞாயிறு ஒரு ஃபுல், புதன் ஒரு ஃபுல், 15 நிமிடத்துக்கு ஒரு லாக். புதன் கோப்பு கெட்டுப்போனது. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், ஞாயிறு ஃபுல்லை நோரெகவரியில் (மேலும் லாக் ஏற்ற இடம் விட்டு) போட்டு, புதனைத் தாண்டி லாக்குகளை வரிசையாக ஏற்றினேன். பழம் எடை போட்ட சீட்டு ஒன்றுகூடப் போகவில்லை.

வெல்லமண்டி: எழுதியது நான்தான், பேர் சொல்லியே திட்டுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் மண்டியில் நடந்தது இது. காலை 11.05க்கு என் மச்சான் ஃபுல் எடுத்தான். மதியம் சர்வர் போச்சு. முந்தைய இரவு ஃபுல் ஏறியது, 11 மணி வரை லாக்கும் ஏறியது. 11.15 லாக் ஏறவில்லை, 4305 பிழை. அறும்.

சேர்வராயன்: 4305 என்ன சொல்கிறது? இந்த லாக் தொடங்கும் எண், தரவுத்தளம் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டது, இடையில் உள்ளதைக் கொடு என்கிறது. ஒரு லாக் கோப்பு காணோம், அவ்வளவுதான். ஃபுல் மேல் பழி போடாதீர்கள். அறாது.

சீலநாயக்கன்பட்டி: அறுந்தது என்றால் என்ன, முதலில் அதைச் சொல்லுங்கள். கோப்பு தொலைவது வேறு. ரெகவரி மாடலை, லாக் பேக்கப்பே எடுக்க முடியாத சிம்பிளுக்கு மாற்றினால் சங்கிலியே அறுவது வேறு.

வெல்லமண்டி: அதெல்லாம் இருக்கட்டும்ங்க. ஃபுல் எடுத்தான், ஏறவில்லை. அறும்.

ஐந்துரோடு: ஆரக்கிள் தரவுத்தளமாக இருந்தால் கவலையே இல்லை. ஆர்க்கைவ் லாக் ஒன்று போனால் அதற்கு முன்பு வரை ரெகவர் செய்து ரீசெட்லாக்ஸ் போட்டு, லாக் வரிசையைப் புதிதாகத் தொடங்கித் திறப்பேன்.

சேர்வராயன்: போன லாக்குக்குப் பின்னால் உள்ள கணக்கு? அதை யார் கொடுப்பார்கள்? ஆரக்கிள் புராணத்தை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்துரோடு: 12 வருஷமாக இதே வேலை பார்க்கிறேன் தம்பி. மரியாதையாகப் பேசு.

சேர்வராயன்: வருஷக் கணக்கு வேண்டாம் அண்ணே. வெல்லமண்டி, மச்சான் எடுத்த கோப்பு எங்கே இருக்கிறது? எத்தனை எம்பி?

வெல்லமண்டி: ஆடிட்டருக்குக் கொடுக்க பென்டிரைவில் எடுத்தான். 3 எம்பி. பேர் .bak என்றுதான் இருக்கிறது.

சேர்வராயன்: உங்கள் தரவுத்தளம்?

வெல்லமண்டி: 6 ஜிபி இருக்கும்.

சேர்வராயன்: சுருக்கி எடுத்தாலும் 6 ஜிபிக்கு ஃபுல் பேக்கப் 3 எம்பி ஆகுமா? அவர் எடுத்தது லாக் பேக்கப், அதுவும் சங்கிலியைத் தொடாத காப்பி ஒன்லி போடாமல்; அதனால் 11 முதல் 11.05 வரையான லாக் அந்தக் கோப்பில் போய்விட்டது. கோப்பின் தலைப்பை மட்டும் படிக்கும் ரெஸ்டோர் ஹெடர்ஒன்லி கட்டளையை ஓட்டுங்கள், பேக்கப்டைப் 2 என்று வரும். ஃபுல்லாக இருந்தால் 1. அந்தக் கோப்பை 11 மணிக்கும் 11.15க்கும் நடுவில் ஏற்றினால் மிச்சமெல்லாம் ஏறும். அரை நாள் ஏலக் கணக்கு பென்டிரைவில் கிடக்கிறது, நீங்கள் இங்கே உட்கார்ந்து அறும் அறும் என்கிறீர்கள்!

வெல்லமண்டி: மச்சான் பொய் சொல்கிறான் என்கிறீர்களா? யூபிஎஸ் வாங்கும்போதும் இப்படித்தான் நாலு பேர் முன்னால் அவனை மட்டம் தட்டினீர்கள். அவன் ஃபுல் என்றான், ஃபுல்தான்.

சீலநாயக்கன்பட்டி: 11.15க்கு அப்புறம், அதே இரவு ஃபுல்லை அடிப்படையாக வைத்த டிஃபரன்ஷியல் இருக்கிறதா? இருந்தால் இடைவெளியைத் தாண்டிவிடலாம். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, யாரும் பதில் சொல்வதில்லை.

சேர்வராயன்: நாளை காலை மண்டிக்கே வருகிறேன். பென்டிரைவை எடுத்து வையுங்கள். காசு வேண்டாம்.

வெல்லமண்டி: வர வேண்டாம். கணக்கை நோட்டுப் பார்த்து ஆட்கள் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஃபுல் எடுத்தால் அறும்.

சேர்வராயன்: அறாது. எட்டரைக்கு வருகிறேன்.