5-எஃப்யூ (புற்றுநோய் மருந்து) கொடுத்த செல்லில் டிஒய்எம்எஸ் (தைமிடிலேட் சின்தேஸ் என்சைம்) இரண்டு பட்டையாக வருகிறது. ஆன்டிபாடி கோளாறா?

கேள்வி:
எச்சிடி116 (மனிதக் குடல் புற்றுநோய்) செல், 10 மைக்ரோமோலார் 5-எஃப்யூ, 24 மணி நேரம். வெஸ்டர்ன் ப்ளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்ற தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் பார்க்கும் முறை) மருந்து தராத லேனில் 36 கிலோடால்டன் பக்கம் ஒரே பட்டை. மருந்து தந்த லேனில் அதற்குச் சற்று மேலே இன்னொன்று, அதுதான் தடிப்பு. கியூபிசிஆரில் (எம்ஆர்என்ஏ அளவைப் பார்க்கும் சோதனை) எம்ஆர்என்ஏ கூடவில்லை. ப்ரைமரி ஆன்டிபாடியை 1:1000-இலிருந்து 1:3000 ஆக்கியும் மேல்பட்டை போகவில்லை. புரதத்தில் பாஸ்பேட் ஏறியிருக்குமோ? 12% ஜெல், லேனுக்கு 30 மைக்ரோகிராம், லோடிங் கன்ட்ரோல் (லேன்களில் சம அளவு புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் புரதம்) ஜிஏபிடிஎச்.

பதில் 1:
புது ஆன்டிபாடி வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். மேல்பட்டையும் தைமிடிலேட் சின்தேஸ்தான். செல்லுக்குள் 5-எஃப்யூ எஃப்டியூஎம்பி (டியூஎம்பியின் ஃப்ளோரின் ஏறிய வடிவம்) ஆகி, என்சைமின் 195-ஆவது சிஸ்டீனைப் பிடித்துக்கொள்கிறது. என்சைமுக்குத் துணையாக வரும் ஃபோலேட்டான மெத்திலீன் டெட்ராஹைட்ரோஃபோலேட்டும் கூடவே மாட்டிக்கொள்ளும். என்சைம் வழக்கமாக மாற்றும் டியூஎம்பி என்றால் 5-ஆவது கார்பனில் உள்ள ஹைட்ரஜன் கழன்று டிடிஎம்பி (டிஎன்ஏவுக்கான மூலப்பொருள்) வெளியே வந்துவிடும். அங்கே ஃப்ளோரின் இருப்பதால் கழலாது, வினை பாதியில் நின்றுவிடும். கோவேலன்ட் பிணைப்பு என்பதால் எஸ்டிஎஸ் (புரதத்தின் மடிப்பைக் குலைக்கும் சோப்பு) போட்டுக் கொதிக்கவைத்தாலும் பிரியாமல் 38 கிலோடால்டனை ஒட்டி ஓடும்.

எம்ஆர்என்ஏ கூடாததும் சரியே. இந்தப் புரதம் தன் எம்ஆர்என்ஏ மீதே உட்கார்ந்து மொழிபெயர்ப்பை அடக்கிவைக்கும். மருந்தோடு பிணைந்தது அப்படி உட்காராது, அடக்குமுறை தளர்ந்துவிடும். பிணைந்த புரதம் சிதைவதும் மெதுவாகத்தான்.

சந்தேகம் தீர ஒரு லேனில் ரால்டிட்ரெக்செட் என்ற மருந்து தந்த செல்லைப் போடுங்கள். அது ஃபோலேட் போலி, கோவேலன்டாகப் பிணையாது. கீழ்ப்பட்டை தடிக்கும், மேல்பட்டை வராது.

பதில் 2:
ஜிஏபிடிஎச்சும் 36 கிலோடால்டன்தானே! அதே மெம்பிரேனில் முதலில் அதைப் பார்த்திருந்தால், உங்கள் கீழ்ப்பட்டையில் பாதி அதுவாகவே இருக்கலாம். எடை மிக அதிகமான வின்குலின் புரதத்துக்கு மாறுங்கள். அளக்கும்போது இரண்டு பட்டையையும் கூட்டினால்தான் மொத்த டிஒய்எம்எஸ். கீழ்ப்பட்டை மட்டும் மருந்து பிடிக்காத பங்கு. கீழே உள்ளதை மட்டும் அளந்து ‘5-எஃப்யூ டிஒய்எம்எஸ்ஸைக் குறைக்கிறது’ என்று எழுதிவிடாதீர்கள், தலைகீழ் முடிவு அது.

கேள்வி கேட்டவர்:
ஜிஏபிடிஎச்தான் முதலில் பார்த்தேன். மெம்பிரேனைப் புதிதாக எடுக்கிறேன். மறு ஓட்டத்தில் இரண்டு பட்டையும் ஒட்டிக்கொண்டன, என்ன செய்ய?

பதில் 1:
லோடை 15 மைக்ரோகிராமாகக் குறையுங்கள். நீலச் சாயம் வெளியேறியதும் நிறுத்தாமல், 25 கிலோடால்டன் மார்க்கர் அடியை நெருங்கும்வரை ஓடவிடுங்கள். வித்தியாசமே இரண்டு மூன்று கிலோடால்டன்தான். அரை ஜெல்லில் பிரியாது.